கையில் கட்டிய இதயம்

போன தை மாதம், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கெடாருக்குப் போயிருந்தேன். விழுப்புரத்துக்கு வடமேற்கே இருக்கிற ஊர். ராத்திரி முழுக்கப் பந்தலில் பாட்டுச் சத்தம். தூக்கம் வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து டீக்கடையைத் தேடி நடந்தேன். 'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்பார்கள். அன்றைக்கு என் சால்வையையும் சேர்த்துத் துளைத்தது.

ரோட்டில் நான் மட்டும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து திபுதிபுவென்று காலடிச் சத்தம். ஆறேழு பையன்கள், இரண்டு பெண்கள். கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடியும் ஓடுகிறார்கள். வட மாவட்டங்களில் எந்த ஊர் ரோட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். எல்லாம் போலீஸ் செலக்‌ஷனுக்காக. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. கொஞ்சம் தாண்டினாலும் வெளியே போக வேண்டியதுதான். எழுத்துத் தேர்வுக்காகக் கண் விழித்துப் படித்ததெல்லாம் அந்த இடத்திலேயே வீண்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தம்பி மட்டும் பிரிந்து வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். 22 வயது இருக்கும். முகம் வாடியிருந்தது. முழங்கைக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டை. அதன் ஓரத்தில் பச்சை வெளிச்சம் மினுங்கியது.

"என்ன தம்பி, தாயத்தா?" என்றேன்.

"இல்ல சார், ஹார்ட் ரேட் பேண்ட். துபாய்லேர்ந்து மாமா கொண்டாந்தாரு" என்றவர், செல்போனைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் பெரிய எழுத்தில், கொஞ்ச நேரத்துக்கு முன் பதிவான எண்: 176.

"மெதுவாத்தான் ஓடறேன் சார். எடுத்த எடுப்புலயே 176-க்குப் போயிடுது. வேகத்தக் குறைச்சாலும் இறங்க மாட்டேங்குது. செவப்பு வந்தா நின்னுடணுமாம். நின்னுடறேன்."

"1,500-க்கு எவ்வளவு நேரம் வருது?"

"இத கட்டறதுக்கு முன்னாடி ஆறு அம்பது. இப்ப ஏழு இருபது."

சற்று நேரம் சும்மா இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்கப்பா ஹார்ட் அட்டாக்லதான் போனாரு சார். நாப்பத்தெட்டு வயசு. இந்த நம்பரை அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

என் டீ ஆறிப்போனது. ஒரு சின்னப் பட்டை சொல்லும் ஓர் எண், ஒரு வேலையையும் ஒரு வீட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரொம்பவே பின்னால்!

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைப்பார். வாதம், பித்தம், கபம் என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு. வாத நாடி அன்னம் போல, கோழி போல, மயில் போல நடக்கும். பித்த நாடி ஆமை போல, அட்டை போல. கப நாடி தவளை போல, பாம்பு போல என்பார்கள். கவனியுங்கள், எல்லாமே நடை! நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை. துடிப்பு எப்படி நடக்கிறது என்பதே கேள்வி.

எண்ண வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 வருஷம் முன்பு, எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரத்தில் ஹீரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். நம் அரண்மனைகளில் நாழிகை வட்டில் இருந்ததே, அதே மாதிரி தண்ணீர் சொட்டும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு நாடியை அளந்தார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சாண்டோரியோ என்ற மருத்துவர், நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். குண்டின் ஆட்டமும் நாடியும் ஒன்றாகும் வரை நூலை நீட்டிக் குறைத்து, அந்த நூலின் நீளத்தைக் குறித்துக்கொண்டார். நோயாளிக்கு நாடி என்ன என்று கேட்டால், 'இத்தனை அங்குலம்' என்று பதில் வரும்!

1707-ல்தான் இங்கிலாந்தின் சர் ஜான் ஃப்ளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்ய வைத்து, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இன்றைக்கு நர்ஸம்மா நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்க்கிறாரே, அந்தப் பழக்கத்துக்கு அவர்தான் பெரிய வழிகாட்டி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மணிக்கட்டில் தட்டுவது இதயமே அல்ல. அங்கே இதயம் சுருங்குகிறது, ரத்தம் தள்ளப்படுகிறது, குழாய்ச் சுவரில் ஓர் அலை கிளம்பி மணிக்கட்டுக்கு வருகிறது. நாம் தொட்டுப் பார்ப்பது அந்த அலையைத்தான். தபால்காரரைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியவரையே பார்த்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

கடிதம் எழுதியவரையே பார்க்க ஒரு வழி இருந்தது: மின்சாரம். ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இதயத்தில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் அதை உடம்பின் வெளியிலிருந்தே பதிவு செய்து காட்டினார். தன் செல்ல நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்தும் காட்டினார். நாயைக் கொடுமைப்படுத்துகிறார் என்று 1909-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கேள்வி கேட்டார்கள்!

ஹாலந்தில் வில்லம் ஐந்தோவன் இன்னும் நுட்பமான கருவியைச் செய்தார். அதன் எடை சுமார் 270 கிலோ. இயக்குவதற்கு ஐந்து பேர். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைக்கு ஈ.சி.ஜி. என்று சொல்கிறோமே, அது இதுதான். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஈ.சி.ஜி. இந்தியாவில் ஒரு வேடிக்கையான வேலைக்கு வந்து சேர்ந்தது. யோகிகள் இதயத்தை நிறுத்திக் காட்டுவார்கள் என்று வெள்ளைக்காரர்களுக்கு நெடுநாள் ஆச்சரியம். 1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரு ஈ.சி.ஜி. கருவியுடன் இந்தியாவுக்கு வந்தார். பல யோகிகளைச் சோதித்தார். அவர்களில் ஒருவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. அப்போது மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துக்கொண்டிருந்தவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் இருவருக்கும் குரு. இதயத்தின் மின்சாரக் கோடு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவதைப் பார்த்ததாக ப்ரோஸ் எழுதினார். உலகமே வாய் பிளந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. கிருஷ்ணமாச்சார்யா சென்னைக்கு வந்து குடியேறிவிட்டார். 1950-களின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். டெல்லி எய்ம்ஸிலிருந்து பி.கே.ஆனந்த் சேர்ந்துகொண்டார். இதயத்தை நிறுத்துவதாகவோ குறைப்பதாகவோ சொன்ன நான்கு பேரைச் சோதித்தார்கள். அந்த நால்வரில் சென்னையிலிருந்த கிருஷ்ணமாச்சார்யாவும் ஒருவர். முடிவுகள் 1961-ல் வெளிவந்தன.

என்ன கண்டார்கள்? மூன்று பேர் மூச்சை அடைத்து, தொண்டையை மூடி, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கினார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியது. ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தது. உள்ளே வந்தால்தானே வெளியே தள்ள முடியும்? மணிக்கட்டில் விரல் வைத்தவருக்கு நாடி மறைந்துபோனது. ஸ்டெதஸ்கோப் வைத்தவருக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஈ.சி.ஜி.யில் கோடு குதித்துக்கொண்டேதான் இருந்தது. விரல் நுனியில் மாட்டிய ஒரு கருவியும் மெல்லிய ரத்த அலையைத் தொடர்ந்து காட்டியது. இதயம் ஒரு போதும் நிற்கவில்லை. நான்காமவர் இதயத்தை நிறுத்தவில்லை என்றாலும், துடிப்பை நன்றாகவே குறைத்துக் காட்டினார். அதுவும் சாதாரண விஷயமில்லை.

அந்த யோகிகளை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் உடம்பில் நடந்தது உண்மையாகவே நடந்தது. ஏமாந்தது பார்த்தவர்களின் விரல்தான். அன்றைக்கு விரலின் தப்பைக் கருவி திருத்தியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெடாருக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். இதயத் துடிப்பை வைத்து ஓட்டப் பயிற்சி கொடுக்கலாம் என்ற யோசனை எப்போது வந்தது?

1930-களில் ஜெர்மனியில். வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும், ஹெர்பெர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது. குறைந்த தூரம் ஒன்றை வேகமாக ஓடு. துடிப்பு 180 வரை போகட்டும். பிறகு நில். ஒன்றரை நிமிடத்துக்குள் துடிப்பு 120-க்கு இறங்க வேண்டும். இறங்கியதும் மறுபடி ஓடு. இறங்கவில்லையா? ஓட்டம் உனக்கு அதிகமாகிவிட்டது, குறைத்துக்கொள்.

ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரத்தில்தான் இதயம் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 'இன்டர்வெல் டிரெயினிங்' என்ற பெயரில் உள்ள 'இன்டர்வெல்' இந்த ஓய்வு இடைவேளைதான். கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக், 1939-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை, பதினாறு வருஷம் அசையவில்லை. அதை முறியடித்ததைப் பார்க்க ஹார்பிக் இல்லை. 1944-ல் போரில் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் கையில் கட்டும் கருவி ஏது? ஓடி நின்றதும் நாடியை எண்ணினார்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். 20 அங்குல உயரப் பெஞ்சில் நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம். முடித்து உட்கார்ந்த பிறகு, துடிப்பு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று எண்ணுவார்கள். 1920-ல் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மாதிரியான இடங்களில் படித்த பி.டி. மாஸ்டர்களைக் கேளுங்கள், 'ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட்' என்று ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள். இங்கேயும் எண்ணுவது நின்ற பிறகுதான்.

1957-ல் ஃபின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் ஒரு சூத்திரம் கொடுத்தார். உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழியுங்கள். மீதிதான் உங்கள் கையிருப்பு. அதில் இத்தனை சதவீதத்தில் பயிற்சி செய்யுங்கள் என்றார். நம் தம்பியையே எடுத்துக்கொள்வோம். உச்சம் 198, காலையில் படுக்கையில் 62 என்றால், கையிருப்பு 136. அதில் 60 சதவீதம் சுமார் 82. அதோடு 62-ஐக் கூட்டினால் 144. ஆக 144-ஐ ஒட்டி ஓடினால் மிதமான பயிற்சி.

'அது என்ன 198?' என்று கேட்பீர்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஜிம்முக்கு ஜிம் எழுதிப்போட்டிருக்கிறார்களே, அந்தக் கணக்கு. இது ஏதோ பெரிய ஆராய்ச்சியில் கண்ட விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை! 1970-ஐ ஒட்டி ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை வந்த சில ஆய்வுகளின் எண்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய இப்படி ஒரு கோடு போடலாம் என்று தோன்றியது. போட்டார்கள். உலகமே பிடித்துக்கொண்டது. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் உச்சத் துடிப்பு பத்து, இருபது வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம். 2001-ல் டனாகா என்பவரும் சகாக்களும் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, 208-லிருந்து வயதில் 0.7 பங்கைக் கழிப்பது இன்னும் பொருந்துகிறது என்றார்கள். 60 வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 160. புதிய கணக்கில் 166. இதுவும் சராசரிதான். உங்கள் இதயம் சராசரியைப் படித்துவிட்டுத் துடிப்பதில்லை.

ஆக, அந்தத் தம்பியின் செல்போன் திரையில் எது சிவப்பு என்று தீர்மானிப்பதே ஒரு உத்தேசக் கோடு. இது முதல் சந்தேகம். இனி, அந்த 176-க்கு வருவோம்.

ஓடுகிற மனிதனின் துடிப்பை ஓடும்போதே பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1940-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் மான்டானாவில் நார்மன் ஹோல்ட்டர் என்பவர், ஈ.சி.ஜி.யை ரேடியோ அலையில் அனுப்பும் கருவியைச் செய்து முதுகில் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தார். முதுகுச் சுமை 38 கிலோ! இன்று ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் மாட்டிவிடுகிறார்களே 'ஹோல்ட்டர்', அது இவர் பெயர்தான்.

மூட்டை சின்னப் பெட்டியானது. 1970-களின் நடுவில், ஃபின்லாந்தில் செப்போ சாய்னாயாகாங்காஸ் என்ற மின்னணுப் பேராசிரியர் பனிச்சறுக்குப் பாதையில் ஒரு பயிற்சியாளர் நண்பரைச் சந்தித்தார். வீரர்களின் துடிப்பைச் சரியாக அளக்க முடியவில்லை என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். யோசித்துப் பாருங்கள்... கொட்டும் பனியில் கையுறையைக் கழற்றி நாடி பிடிப்பதற்குள் துடிப்பே இறங்கிவிடும்! பேராசிரியர் 1977-ல் போலார் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1982-ல் நெஞ்சில் பட்டை, கையில் வாட்ச், நடுவில் ஒயரே கிடையாது என்று ஒரு கருவி வந்தது. நெஞ்சுப் பட்டை பிடிப்பது இதயத்தின் மின்சாரத்தை. ஐந்தோவனின் உப்புத் தண்ணீர் வாளிக்குப் பதில், இங்கே ஓடுபவரின் உப்பு வியர்வை. அதனால்தான் பட்டையை ஈரப்படுத்திக் கட்டச் சொல்கிறார்கள்.

நெஞ்சுப் பட்டை துல்லியம்தான். ஆனால் இறுக்கும், நழுவும், எரிச்சல் தரும். வேறு வழி தேடினார்கள். வெளிச்சம் கிடைத்தது.

1937-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியல் பேராசிரியர், தோலில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சம் ஏறி இறங்குவதை அளந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ரத்தம் கூடினால் வெளிச்சத்தை அதிகம் விழுங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் கவ்வ வைத்துப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டரும் இந்த வம்சம்தான். 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோயாகி அதற்கான வழியை வெளியிட்டார்.

ஆக்சிமீட்டருக்குச் சிவப்பு வெளிச்சம். ஓடுகிறவர்களின் பட்டைக்குப் பெரும்பாலும் பச்சை வெளிச்சம். பச்சையை ரத்தம் நன்றாக விழுங்கும். தவிர, அது ஆழமாகப் போகாது என்பதால், உள்ளே தசை ஆடுவது அவ்வளவாகக் குறுக்கிடாது. வாட்சில் இதை வைத்தார்கள். ஆனால் மணிக்கட்டில் எலும்பும் நரம்பும்தான் அதிகம், மடங்கும், ஆடும். சதைப்பிடிப்பான மேல்கை அதைவிட நல்ல இடம். 2010-களில் இப்படிக் கைப்பட்டைகள் வரத் தொடங்கின. 2017-ல் போலாரும் ஒன்றைக் கொண்டுவந்தது. நம் தம்பி கட்டியிருந்தது இந்த ரகம்தான்.

நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இந்த வெளிச்சம் வேலை செய்யுமா? நியாயமான கேள்வி. கறுப்பு நிற நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவதை ஆக்சிமீட்டர்கள் கவனிக்கத் தவறியது, வெள்ளையர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்காவில் கண்டார்கள். அது ஆக்சிஜன் கணக்கு. துடிப்பு எண்ணிக்கையை மணிக்கட்டுக் கருவிகளில் சோதித்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றும் அதே வருஷம் வந்தது. அதில் தோலின் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தப்பு கூடியது உடம்பு அசையும்போதுதான்.

அசைவு! அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் உடம்பு குலுங்குகிறது. பட்டை குலுங்குகிறது. தோலுக்கடியில் ரத்தமும் சேர்ந்து அலம்புகிறது. கருவிக்கு இரண்டு தாளம் கேட்கிறது. ஒன்று இதயத்தின் தாளம், இன்னொன்று காலின் தாளம். பட்டை தளர்வாக இருந்தாலோ, குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கிடந்தாலோ, இதயத் தாளம் மங்கிவிடும். கருவி எது பலமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிறவர்களின் காலடி நிமிடத்துக்கு 160, 170, 180 என்று விழும். துடிப்பும் அந்த மாதிரி எண்தான் என்பதால் கருவிக்கும் சந்தேகம் வராது, கட்டியவருக்கும் வராது. இதில் இன்னொரு வேடிக்கை... வேகத்தைக் குறைத்தால் நாம் எட்டைத்தான் சிறிதாக்குகிறோம். நிமிடத்துக்கு விழும் காலடி எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை.

'வேகத்தக் குறைச்சாலும் இறங்க மாட்டேங்குது' என்று அந்தத் தம்பி சொன்னார், நினைவிருக்கிறதா?

"தம்பி, அந்தப் பாலம் வரைக்கும் போய்ட்டு அதே மாதிரி மெதுவா ஓடி வாங்க" என்றேன். அவர் வரும்போது வாட்சை வைத்துக்கொண்டு காலடியை எண்ணினேன். 15 விநாடிக்கு 44. நாலால் பெருக்கினால் 176.

திரையைப் பார்த்தேன். 176.

"அப்படியே நில்லுங்க. கழுத்துல, தொண்டைக்குப் பக்கத்துல ஒரு பக்கம் மட்டும் ரெண்டு விரல மெதுவா வைங்க. அழுத்த வேணாம். எண்ணுங்க." பத்து விநாடிக்கு 22. ஆறால் பெருக்கினால் 132.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்ப இது எண்ணினது..."

"உங்க காலை!"

சிரித்தார். அந்தக் காலையில் முதல் தடவையாக. பட்டையை எடுத்துப் பார்த்தேன். எலாஸ்டிக் தளர்ந்து, முழங்கை வரைக்கும் இறங்கி ஆடியது. மேலே ஏற்றி, சதைமேல் நழுவாதபடி இறுக்கிக் கட்டினோம். ரத்தம் மரத்துப்போகிற அளவுக்கு இல்லை. பத்து நிமிடம் கை கால் உதறி, உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓடச் சொன்னேன். இப்போது எண் 138, 141 என்று மெதுவாக ஏறியது. நின்று விரலால் எண்ணியபோது கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

யோகிகளைச் சோதித்தபோது விரலின் தப்பைக் கருவி திருத்தியது. கெடாரில் கருவியின் தப்பை விரல் திருத்தியது. இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான். எந்தக் கருவியும், விரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்வதை மட்டுமே சொல்லும். வந்தது இதயத்திலிருந்தா, காலிலிருந்தா என்று கேட்க வேண்டியது நம் வேலை. ஆகவே பட்டை கட்டுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது நின்று, விரல் வைத்து, ஒத்துப்பாருங்கள். ஓட ஆரம்பித்ததும் எண் ஒரே தாவாகத் தாவினால், காலடியை எண்ணிப்பாருங்கள்.

ஆனால் இதைச் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. எண் பொய்யாக இருக்கலாம். அப்பா 48 வயதில் போனது பொய்யில்லை. "தம்பி, பேண்டு தப்பா சொல்லுச்சுங்கறதால, உங்க நெஞ்சு சரியா இருக்குன்னு நான் சொல்ல முடியாது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பா விஷயத்தச் சொல்லி ஒருதடவை காட்டிட்டு அப்புறம் வேகமா ஓடுங்க. ஓடும்போது நெஞ்சு வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ, எந்த நம்பரையும் பாக்காம நின்னுடணும்" என்றேன். இளம் வயதில் இதய நோய் வந்த குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் இதுதான் வழி. அதற்குப் பட்டையும் போதாது, விரலும் போதாது.

கூடவே கெர்ஷ்லரின் கணக்கையும் சொல்லிக்கொடுத்தேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, 300 மீட்டர் வேகமாக ஓடு, நில், விரலை வை, 120-க்கு இறங்கினதும் மறுபடி ஓடு. ஒன்றரை நிமிடத்தில் இறங்காவிட்டால் அன்றைக்குப் போதும். இதற்குத் துபாய் மாமா தேவையில்லை. சாதாரண வாட்ச் போதும்.

மாசி கடைசியில் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தார்களாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார்களாம். 1,500 மீட்டர், ஆறு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

"செலக்‌ஷன் எப்ப?" என்றேன்.

"இன்னும் தேதி வரல சார்" என்றவர், கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன் சார். நம்பர், அப்பா விஷயம், எல்லாத்தையும் டாக்டர் முன்னாடி வச்சே பேசிட்டோம். இப்பல்லாம் நான் ஓடிட்டு வந்ததும் அம்மாதான் வெரல வச்சு எண்ணுது."